எதை அச்சிடுவோம், எதை அச்சிட மாட்டோம்

அன்பு வாசகர்களுக்கு,

 

இந்த மாதத்திலிருந்து வாசகர் படைப்புகளுக்கான பக்கங்களைக் கூட்டுகிறோம். கதை, கவிதை, அனுபவம், ஊர் நடப்பு, விவாதம் என்று நீங்கள் அனுப்புவதை இனி இதழின் நடுவில் தனிப் பகுதியாகவே பார்க்கலாம். இதுவரை வாசித்து மட்டும் வந்தவர்களும் எழுத வேண்டும் என்பது எங்கள் ஆசை. பக்கங்கள் கூடும்போது கேள்விகளும் கூடும். அதனால் எங்களுக்கு அடிக்கடி வரும் சில கேள்விகளுக்கு இப்போதே விரிவாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"உண்மையைத்தானே எழுதினேன், ஏன் போடவில்லை?" என்று ஒருவர் கேட்கிறார். "என் கட்டுரையில் தெருப் பெயரையும் ஆள் பெயரையும் ஏன் எடுத்தீர்கள்?" என்று இன்னொருவர் வருத்தப்படுகிறார். "இப்படிப்பட்ட கருத்தை எப்படி அச்சிட மனம் வந்தது?" என்று மூன்றாமவர் கோபப்படுகிறார். மூவரும் சுற்றி வருவது ஒரே இடத்தைத்தான். ஒரு பத்திரிகை எதை அச்சிடலாம், எதை அச்சிடக்கூடாது?

எங்கள் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளைப் பற்றியும், எந்தக் கருத்தையும் நீங்கள் எழுதலாம். ஆனால் ஒருவருடைய பெயர், முகம், வீடு, உழைப்பு ஆகியவை அவருக்கே சொந்தம். அவற்றைப் பறித்து எழுதப்படும் எதற்கும் இங்கே இடமில்லை. நாங்கள் வைத்திருக்கும் மற்ற விதிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறந்தவை.

முதலில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோம். நம் நாட்டில் எழுத்துரிமையின் முதல் பெரிய சோதனை சென்னையில்தான் நடந்தது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரங்கள்கூட ஆகவில்லை. 1950 மார்ச் 1 அன்று, பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையவும் விற்கவும் கூடாது என்று அன்றைய அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எழுதும் உரிமை என்றால் எழுதியதை மக்களிடம் கொண்டு சேர்க்கும் உரிமையும் சேர்ந்ததுதான் என்றது நீதிமன்றம். ஓர் இதழை அச்சிட அனுமதித்துவிட்டு, கடைக்குப் போகாமல் தடுத்தால் அங்கே சுதந்திரம் இல்லை என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

அடுத்த ஆண்டே அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டது. பொது ஒழுங்கும் குற்றத்துக்குத் தூண்டுதலும் கட்டுப்பாட்டுக் காரணங்களாகச் சேர்ந்தன. கூடவே, கட்டுப்பாடு எதுவானாலும் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இன்றைக்கு 19(2) பிரிவில் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, பண்பும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். ஒரு கருத்து யாருக்கோ பிடிக்கவில்லை என்பது இந்தப் பட்டியலில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பிடிக்காத எழுத்தை என்ன செய்வது என்ற கேள்வி நம் காலத்திலேயே திருச்செங்கோட்டில் எழுந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இன் கடைசியில், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அதன் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். தமிழில் எழுதும் ஒருவர் தன் எழுத்துக்குத் தானே மரண அறிவிப்பு கொடுக்க நேர்ந்தது நம் எல்லோருக்கும் ஏற்பட்ட துயரம். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கிய உறுதி பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, அவர் மீண்டும் எழுதட்டும் என்பது அதன் சாரம். அவர் மீண்டும் எழுதினார்.

ஆகவே, நம் இதழில் ஒரு கட்டுரை உங்களுக்குக் கோபமூட்டினால், அதை எடுத்துவிடச் சொல்லி எழுதாதீர்கள். அது எந்த இடத்தில் தவறுகிறது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலேயே அதற்கு இடம் ஒதுக்குகிறோம். கடவுள் உண்டு என்பவரும் இல்லை என்பவரும், அரசை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும், ஒரு மூத்த எழுத்தாளரைக் கொண்டாடுபவரும் அவரை நிராகரிப்பவரும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கலாம். அப்படி இருப்பதுதான் நம் இதழுக்கு அழகு.

கருத்து எந்த இடத்தில் குற்றமாகிறது? 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான ஒரு கோடு போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியைக்கூடக் குற்றமாக்கியிருந்தது. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இளம்பெண்கள் இருவர், ஒரு கடையடைப்பைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கும் அதை ஆமோதித்ததற்கும் கைது செய்யப்பட்ட பிறகு இந்தப் பிரிவு நாடெங்கும் பேச்சானது. அந்தப் பிரிவையே செல்லாது என்று நீக்கிய நீதிபதிகள் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொன்னார்கள். ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, ஒன்றைச் செய்யும்படி தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமைதான். மூன்றாவதில்தான் சட்டம் தலையிடலாம். நாங்களும் இதையே பின்பற்றுகிறோம். ஒரு சமூகத்தின் வழக்கத்தை நீங்கள் கடுமையாக விமர்சிக்கலாம். அந்தச் சமூகத்தாரை அடிக்கவோ, ஒதுக்கி வைக்கவோ, ஊரைவிட்டு விரட்டவோ சொல்லும் வரி எங்கள் அச்சகத்துக்குப் போகாது.

இதிலேயே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதியைப் பற்றி எழுதினால் போட மாட்டீர்களா என்று சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். கட்டாயம் போடுவோம். உங்கள் ஊர் டீக்கடையில் இன்னும் இரட்டைக் குவளை இருந்தால், சுடுகாட்டுக்குத் தனிப் பாதை இருந்தால், பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தால், அதை எழுதத்தான் இந்தப் பக்கங்கள் இருக்கின்றன. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது வேறு விஷயம். பகடி, பழமொழி, 'சும்மா பேச்சு வழக்கு' என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதை ஏற்க மாட்டோம். கதாபாத்திரம் பேசுவதாக வந்தால், அந்தக் கொடுமையைக் காட்டக் கதைக்கு அது தேவையா என்று உட்கார்ந்து யோசிப்போம், உங்களிடமும் பேசுவோம்.

இனி, மனிதரைக் காப்பதைப் பற்றி. எழுதுபவரின் உரிமையையும் எழுதப்படுபவரின் உரிமையையும் ஒரே தீர்ப்பில் வைத்துப் பேசிய வழக்கும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலிருந்து பிறந்ததுதான். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. உயர் அதிகாரிகள் சிலருக்கு அவருடன் தொடர்பு இருந்ததாக அதில் எழுதப்பட்டிருந்தது. வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று சிறைத்துறைத் தலைமை எச்சரித்துக் கடிதம் அனுப்பியது. ஆசிரியர் ஆர். ராஜகோபால் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி அமர்வு அளித்த தீர்ப்பை ஒவ்வொரு பத்திரிகையாளரும் பாடமாகப் படிக்க வேண்டும்.

அதிகாரிகள் தங்களைப் பற்றி வரப்போகும் எழுத்தை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. அவர்கள் பதவியில் செய்த காரியங்களைப் பற்றி ஒரு பத்திரிகை நியாயமான அளவு விசாரித்துவிட்டு எழுதியிருந்தால், பின்னால் அதில் பிழை தெரிந்தால்கூட அதுவே வழக்குக்குப் போதாது என்றும் சொன்னது. நீதிமன்ற ஆவணம்போலப் பொதுவில் இருக்கும் பதிவுகளிலிருந்து எழுதலாம் என்றது. அதே தீர்ப்பு, தன்னை நிம்மதியாக இருக்க விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் சொன்னது. அவருடைய குடும்பம், திருமணம், குழந்தைப்பேறு, தாய்மை, படிப்பு ஆகியவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. அது உண்மையாக இருந்தாலும் சரி, புகழ்ச்சியாக இருந்தாலும் சரி. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளானவர்களின் பெயரை, ஆவணத்தில் இருந்தால்கூட வெளியிடக்கூடாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக உறுதி செய்தது.

"உண்மையைத்தானே எழுதினேன்" என்று கேட்ட வாசகருக்கு இதில் பதில் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்குக் காசு கேட்டார்களா? தேதியோடு, ரசீதோடு, சாட்சியோடு எழுதுங்கள். அந்த அலுவலகத்திடமும் விளக்கம் கேட்டுவிட்டுப் பயமில்லாமல் போடுவோம். பக்கத்து வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள், எதிர்வீட்டுத் தம்பதி ஏன் பிரிந்தார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும் ஊருக்கு அதில் வேலையில்லை. குற்றவியல் அவதூறுச் சட்டமும் (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு) உண்மை என்பதோடு நிற்பதில்லை. அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது.

அடுத்தவர் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்த எழுத்து நம் மண்ணில் என்ன செய்தது என்பதற்கு 1940களின் சென்னையே சாட்சி. லட்சுமிகாந்தன் 'சினிமா தூது'விலும் பிறகு 'இந்துநேச'னிலும் நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைக் கிசுகிசுவாக எழுதிக் குவித்தார். மக்கள் அதை வாங்கிப் படித்தார்கள். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். தமிழ்த் திரையின் உச்சத்தில் இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், தண்டனை பெற்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. எழுதியதற்காக ஒருவரைக் கொல்வதை எந்த நியாயமும் ஏற்காது. ஆனால் அந்த எழுத்தால் பெயர் கெட்டவர்களையும் நாம் மறக்கக்கூடாது.

அதனால் நம் இதழில் சில கட்டுப்பாடுகளை உறுதியாக வைத்திருக்கிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி பெயர், படம், தெரு, பள்ளி, உறவுமுறை எதையும் வெளியிட மாட்டோம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் இதைக் கண்டிப்பாகத் தடுக்கின்றன. பாதிக்கப்பட்டவரின் பெயரை மாற்றிவிட்டு, அப்பா பெயரையும் ஊரையும் விட்டுவைத்தால் மறைத்ததாக ஆகாது. சிற்றூரில் இரண்டு குறிப்பு போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் எழுதிய தெருப் பெயரை நாங்கள் எடுத்தது இதனால்தான். தனி மனிதரின் தொலைபேசி எண், விலாசம், வங்கி விவரம், மருத்துவ விவரம் ஆகியவற்றையும் அவர் சம்மதம் இல்லாமல் போட மாட்டோம். மனநலச் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே தடுக்கிறது. தற்கொலையைப் பற்றி எழுதும்போது எப்படி நடந்தது என்ற விவரமும், அதை ஒரு தீர்வுபோலவோ தியாகம்போலவோ காட்டும் வரியும் இருக்காது. உடைந்த மனதோடு அந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒருவர் எங்கோ இருப்பார்.

உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கவிதை, 'யாரோ எழுதியது' என்ற குறிப்போடு எங்களுக்கு வருகிறது. சில சமயம் அனுப்பியவர் பெயரோடே வருகிறது. அந்த யாரோ ஒருவர் உயிரோடு இருக்கிறார், தன் பெயர் இல்லாமல் தன் வரிகள் ஊர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பாளியின் வாழ்நாளோடு அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்கும் உரிமை இருக்கிறது. உரிமையை விற்றுவிட்டவருக்குக்கூடத் தன் படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை 57ஆவது பிரிவு கொடுக்கிறது. விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்தாளலாம், ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் சொல்லிவிடுங்கள். பிறமொழிக் கதையைத் தழுவினால் மூலத்தைக் குறிப்பிடுங்கள். புகைப்படம் என்றால் எடுத்தவர் பெயர் வேண்டும். ஏஐ கொண்டு எழுதியிருந்தாலோ படம் செய்திருந்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள். உண்மையான ஒருவரின் முகத்தையோ குரலையோ வைத்து அவர் செய்யாததைச் செய்ததாகக் காட்டும் எதையும் தொட மாட்டோம்.

புனைபெயரில் எழுதலாமா என்று பலர், முக்கியமாகப் பெண்கள், கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். உங்கள் உண்மைப் பெயரும் எண்ணும் ஆசிரியர் குழுவுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அது எங்களைத் தாண்டி யாருக்கும் போகாது. மொட்டைக் கடிதத்தில் வரும் குற்றச்சாட்டுகளை மட்டும் அப்படியே அச்சிட இயலாது. குற்றம் சாட்டப்பட்டவர் யாரிடம் பதில் சொல்வார்? இன்னொருவர் பெயரில் எழுதி அனுப்புவதும், பணம் வாங்கிக்கொண்டு எழுதிய விளம்பரத்தை அனுபவக் கட்டுரைபோல அனுப்புவதும் வாசகரை ஏமாற்றுவது. இரண்டையும் ஏற்க மாட்டோம்.

விவாதப் பகுதிக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆண் எழுதிய கட்டுரைக்கு வரும் மறுப்பு பெரும்பாலும் கட்டுரையோடு நிற்கிறது. ஒரு பெண் எழுதினால் அவர் உடை, வயது, கணவர், வளர்ப்பு என்று கடிதம் எங்கெங்கோ போகிறது. இது நம் தமிழ் வாசகர் உலகத்துக்கே தலைகுனிவு. அப்படி வருகிற கடிதத்தில் நல்ல வாதம் ஒன்று இருந்தாலும் அதை அச்சிட மாட்டோம். மிரட்டல் வந்தால் எழுதியவருக்குத் தெரிவித்து, அவர் விரும்பினால் காவல்துறையில் புகார் கொடுக்கவும் துணை நிற்போம். எதிர்க்கருத்து எழுதும்போது, எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லுங்கள், பிறகு மறுத்து எழுதுங்கள். நல்ல விவாதத்துக்கு அதுதான் முதல் படி.

எங்கள் பக்கத்துக் கடமைகளையும் எழுத்திலேயே தருகிறேன். ஒருவரைக் குறை சொல்லும் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் அவரிடம் விளக்கம் கேட்போம். வெளிவந்த பிறகு மறுப்பு வந்தால், குற்றச்சாட்டு வந்த அதே பகுதியில், கண்ணில் படும் அளவில் அதை வெளியிடுவோம். மறுப்புக்கு இடம் தருவது பத்திரிகை தர்மம் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளும் சொல்கின்றன. உங்கள் படைப்பின் கருத்தை மாற்றும் எந்தத் திருத்தத்தையும் உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டோம். வெளியிட முடியாவிட்டால் காரணம் சொல்வோம். அந்தக் காரணம் தவறு என்று தோன்றினால் எழுதுங்கள், ஆசிரியர் குழுவில் இன்னொருவர் அதைப் புதிதாகப் படித்துப் பார்ப்பார். இதழில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் ஒவ்வொரு மாதமும் இருக்கின்றன. இங்கே வரும் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவரோடு சேர்ந்து நாங்களும் பொறுப்பு என்பதற்கு அதுவே அடையாளம்.

இத்தனையையும் படித்துவிட்டு, எழுதவே வேண்டாம் என்று யாரும் பேனாவை மூடிவிடக்கூடாது. மேலே சொன்னவை அதிகாரத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வைத்த விதிகள் இல்லை. பதில் சொல்ல ஒரு பக்கமும் இல்லாத சாதாரண மனிதரைக் காப்பாற்ற வைத்தவை. அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், நாளைக்கு நீங்களாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் படைப்போடு ஒரு குறிப்பு எழுதுங்கள், எந்தப் பெயரை வைப்பது, எதை மறைப்பது என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.

உங்கள் ஊரையும் உங்கள் அனுபவத்தையும் உங்களைவிட நன்றாக எழுத யாராலும் முடியாது. அடுத்த இதழுக்கான படைப்புகளுக்குக் காத்திருக்கிறோம். அஞ்சல் உறையை ஒட்டும் முன் ஒரு முறை, நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவராக இருந்து அதைப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அனுப்ப மனம் சம்மதித்தால், தயங்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்